ஏழாம் மேசைக் குரல்

காலை பத்து மணிக்கு அந்தத் தொலைபேசி அடிக்கும். அதில் எண் அழுத்தும் பொத்தான்கள் கிடையாது. எடுத்தால் நேராக மறுமுனையில் மணி அடிக்கும், அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் ஊரின் இன்னொரு மூலையில் இருந்த மத்திய அமைப்பு ஒன்றின் அலுவலகத்துக்கும் நடுவில் அந்தக் கம்பி போயிருந்தது. பெயர் சொல்லிப் பேசக் கூடாது என்பது விதி. மேசையின் எண்ணைச் சொல்ல வேண்டும். நான் நான்கு. அவள் ஏழு.

மாநிலத்தின் உளவு வேலை பார்க்கும் பிரிவு ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். பிறந்து வளர்ந்தது பெங்களூரின் நீலசந்திராவில். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதும், பள்ளியில் ஆங்கிலம். அந்த நான்கும் தெரியும் என்பதுதான் எனக்கு வேலை கிடைக்கக் காரணம். சில வருடங்களில் மொழிபெயர்ப்போடு தகவல் பரிமாற்ற வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல அந்த வேலையில் பரபரப்பு எதுவும் இல்லை. எங்கோ ஒரு காவலர் காதில் விழுந்த செய்தி தாளாக வரும். அதை ஆங்கிலத்தில் தட்டி, எங்கள் அலுவலகத் தலைப்பின் கீழ், எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான ஒரு மையத்துக்கு அனுப்புவோம். மையம் யாருக்குத் தேவை என்று பார்த்து அவர்களுக்கு அனுப்பும். அவர்களிடமிருந்தும் எங்களுக்கு வரும். குண்டு வைக்க நினைக்கிறவனைப் பற்றி ஒருவரிடம் பாதியும் இன்னொருவரிடம் மீதியும் இருந்துவிட்டால், இரண்டும் ஒரே மேசையில் சேராமல் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஒரே ஒரு கட்டுப்பாடு: வந்த தகவல் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் தகவல் கொடுத்தவனின் உயிருக்கு ஆபத்து வரலாம்.

வீட்டில் எதையும் சொல்ல முடியாது. என் கணவர் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில், "இன்னைக்கு ஆபீஸ்ல என்னா நடந்துச்சு?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல" என்பேன். முதலில் அதைக் கேலி செய்தார். பிறகு ஒரு தடவை வருத்தப்பட்டார். அதன்பின் கேட்பதை விட்டுவிட்டார். நல்ல மனிதர். என் மீது கோபமாக இருந்ததில்லை. ஆனால் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தைப் பற்றி வாய் திறக்க முடியாத மனைவியோடு ஒரு மனிதர் எதைத்தான் பேசுவார்? காய்கறி, மகளின் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எந்தப் பூசைக்குப் போவது. இவற்றைப் பேசினோம்.

அதனால்தான் ஏழாம் மேசையின் குரல் எனக்கு அத்தனை பெரிதாக ஆகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் சில மாதங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். "உங்களிடம் புதிதாக?" "இரண்டு. உங்களிடம்?" "ஒன்றும் இல்லை." அதோடு வைத்துவிடுவோம். ஒரு நாள் எனக்குச் சளி பிடித்திருந்தது. இருமலை அடக்க முடியவில்லை. பிறகு தமிழில், "சுக்கு இருக்கா? தட்டிப் போட்டுக் குடிங்க. மாத்திரைய முழுங்கிட்டே இருக்காதிய" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க தமிழா?"

"நீங்க இங்கிலீஷ் பேசுத தினுசுலயே நீங்க தமிழுன்னு எனக்கு எப்பமோ தெரியும்" என்று சிரித்தாள்.

அவள் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூருக்குத் தனியாக மாற்றலாகி வந்திருந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவளாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பேசுவோம். தகவல்களைப் பற்றி அல்ல. அவற்றைச் சுமப்பதைப் பற்றி. காலையில் படித்த தாள் ஒன்று நாள் முழுக்க மனதை அரிப்பதை நான் விளக்கவே வேண்டியிருக்காது. "இன்னைக்கி அதப் படிச்சியளா?" என்பாள். "படிச்சேன்." "சோறு எறங்கல எனக்கு." "எனக்கும்தான்." அவ்வளவுதான். அந்த நான்கு வாக்கியங்களை வேறு யாரிடமும் என்னால் பேசியிருக்க முடியாது. என் கணவரிடமும்.

மாதம் ஒரு தடவை எல்லா அமைப்புகளின் ஆட்களும் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் கூட்டம் நடக்கும். ஒரு தடவை எங்கள் அதிகாரி என்னையும் கூட்டிப்போனார். எதிர்வரிசையில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பெண் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். தேநீர் வந்ததும், "சீனி வேண்டாம்" என்று பரிமாறியவரிடம் சொன்னாள். அந்தக் குரலும் அந்தச் 'சீனி'யும் போதுமாக இருந்தன. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று, "நாலு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யக்கா!" என்று என் கையைப் பிடித்தாள். அங்கே இருந்த பெரிய அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று தன் பெயர் என்று ஒன்றைச் சொன்னாள். பூவின் பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே காபி குடிப்போம். அவள் எதிர்த்திசையில் பஸ் பிடித்துப் போவாள். அப்படி ஏறக்குறைய இரண்டு வருடம்.

பிறகு சந்தாபுரா விஷயம் வந்தது.

சந்தாபுராவில் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டில் குடியிருந்த ஒருவனைப் பற்றி, ரோந்து வந்த காவலரிடம் சொல்லியிருந்தார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், தனியாக இருக்கிறான், அறை முழுக்க ஒயரும் டைமரும் குவித்து வைத்திருக்கிறான், யாரிடமும் பேசுவதில்லை. காவலர் அதைக் கன்னடத்தில் எழுதி அனுப்பினார். என் மேசைக்கு வந்தது. நான் ஆங்கிலத்தில் தட்டினேன். எங்கள் அலுவலகம் அதை மையத்துக்கு அனுப்பியது. அன்று என் மகளுக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. சந்தாபுராவில் தங்கியிருக்கும் ஒருவன் டைமர்களைச் சேகரிப்பதாக நம்பத்தகுந்த செய்தி என்றது. அதற்கு மூன்று நாள் கழித்து, ஏழாம் மேசை இருக்கும் அமைப்பிலிருந்தும் அதே ஆளைப் பற்றி ஒரு தாள். எங்கள் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. ஒருவர் சொன்னால் சந்தேகம். தனித்தனியாக மூன்று பேர் சொன்னால் அது வேறு. அன்று காலையே ஒரு குழு புறப்பட்டது. ஹெப்பகோடியில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்த அவனைக் கூட்டிவந்து விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அவன் அந்தக் கடையின் மெக்கானிக். டைமர்கள் பழைய மெஷின்களிலிருந்து கழற்றியவை என்று சொன்னான். அப்படித்தான் சொல்வான் என்றார்கள்.

மறுநாள் மதியம், அறையைச் சோதனை போடப் போயிருந்த குழுவில் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். "மூணாவது மாடின்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கட்டடத்துக்கு ரெண்டு மாடிதான் மேடம். மூணாவதைத் தேடி மொட்டை மாடி வரைக்கும் ஏறிட்டு இறங்கினோம்."

காவலரின் மூலத் தாளை எடுத்துப் பார்த்தேன். கன்னடத்தில் தெளிவாக இரண்டாவது மாடி என்றுதான் இருந்தது. மூன்றாவது என்று தட்டியது நான். மகளின் காய்ச்சலை நினைத்துக்கொண்டே தட்டிய விரல்.

பிறகு மற்ற இரண்டு தாள்களையும் எடுத்தேன். பக்கத்து மாநிலத்தின் தாளில் மூன்றாவது மாடி. ஏழாம் மேசை அமைப்பின் தாளில் மூன்றாவது மாடி. சந்தாபுராவில் அந்த வீட்டை நேரில் பார்த்த யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது. என் பிழை இரண்டு வாரம் ஊர் சுற்றிவிட்டு, இரண்டு வேறு தலைப்புகளின் கீழ் எனக்கே திரும்பி வந்திருந்தது. சொன்னவர்கள் மூன்று பேர் அல்ல. ஒரே ஒரு வீட்டுக்காரர்.

ஆனால் அது என் ஊகம்தான். மற்ற இருவரும் தற்செயலாக அதே தவறைச் செய்தார்கள் என்று யாராவது வாதாடலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், கேட்கக் கூடாததைக் கேட்க வேண்டும். முறைப்படி எழுதிக் கேட்டால், கடிதம் மேலே போய், அங்கிருந்து இன்னொரு மேலே போய், கீழே இறங்கி வர வாரங்கள் ஆகும். அதுவரை அந்த மெக்கானிக் உள்ளே இருப்பான்.

அந்தத் தொலைபேசியை எடுத்தேன்.

"ஏழு."

"நாலு பேசறேன். சந்தாபுரா தகவல் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"யக்கா, நீங்க இதக் கேக்கப்பிடாது."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். ஒரு ஆளப் புடிச்சு வெச்சிருக்காங்க. மூணு பேர் சொன்னாங்கன்னு நம்பிட்டு இருக்காங்க. எனக்கென்னமோ அது ஒரே தகவல்னு தோணுது. என் தப்பு அதுல அப்படியே இருக்கு."

வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளை இந்த இடத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மணி அடித்தது.

"நாங்களா கண்டுபிடிச்சது இல்லக்கா. பக்கத்து மாநிலத்துக்காரங்க எங்களுக்குக் குடுத்தது. அவுகளுக்கு மையம் குடுத்திருக்கு. மையத்துக்கு..." தாள் புரளும் சத்தம் கேட்டது. "மையத்துக்குக் குடுத்தது நீங்க. முழுக்க உங்களோடதுதான். வேற ஒண்ணுமே கெடையாது."

"உறுதியா?"

"ஃபைல முன்னால வச்சுக்கிட்டுத்தான் சொல்லுதேன்."

ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். என் தட்டச்சுப் பிழையை மறைக்கவில்லை. மூன்று தகவலும் ஒன்றேதான் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "என்னம்மா இது?" என்று கன்னடத்தில் கேட்டார். பிறகு கன்னடத்திலேயே, "இது உன் அனுமானமா, உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

அனுமானம் என்று சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பு கோப்பில் கிடந்திருக்கும். நான் "உறுதி சார்" என்றேன்.

எப்படி உறுதி என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. அன்று சாயங்காலமே மெக்கானிக்கை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டுச் சந்தாபுராவுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தேன். தரைத்தளம், மேலே இரண்டு மாடி. கீழே இருந்த மளிகைக் கடைப் பெண்ணிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, மேலே அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. ஒரு மெக்கானிக்கு இருந்தாரு. போலீஸ் வந்துட்டுப் போச்சு. ஒண்ணும் இல்லேன்னு விட்டுட்டாங்க. ஆனா வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. நல்ல மனுசன், எங்க மிக்ஸிய அவருதான் சரி பண்ணிக் குடுத்தாரு." அவர் எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். குடிக்கவில்லை.

எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, பிழைக்காக. அவளுக்கு என்ன வந்தது என்று தொலைபேசியில் அவள் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, "யக்கா, இன்னைக்கி மத்தியானம் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தர்ஷினியில் கூட்டம். சுவரோரம் ஒரு உயர மேசையில் டம்ளர்களை வைத்துக்கொண்டு நின்றோம்.

"மாத்திட்டாவ" என்றாள். "திங்கக்கெழம போறேன்."

"என்னாலதான்."

"உங்களால இல்ல. நான்தான சொன்னேன்."

"நான் உறுதின்னு சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்தா அவன விட்டிருப்பாவளா?"

"மாட்டாங்க."

"பொறவு என்ன?" காபியை ஒரு வாய் குடித்தாள். "உங்களுக்கு யாரு சொன்னான்னு தேடி என்ட்ட வெளக்கம் கேட்டாவ. சொல்லிக் குடுத்தது தப்புதான்னு எழுதிக் குடுத்தேன். தப்புதானக்கா அது. நாளைக்கி வேற ஒருத்தன் இதே மாதிரி கேட்டு, நான் சொல்லி, அதுனால எவனாவது செத்தான்னா? அந்த விதி சும்மா போட்டது இல்ல. ஆனா இந்த ஆளு விஷயத்துல எனக்கு வேற வழி தெரியல."

எங்கே மாற்றல் என்று கேட்டேன். "தூரம்" என்று சிரித்தாள். தொலைபேசி எண் கேட்டேன். கையில் இருக்கும் கைபேசியை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். பில்லின் பின்பக்கம் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் பஸ் வந்தது. படியில் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. "என்னா?" என்று கத்தினேன். அவள் கையை ஆட்டினாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தது. "செவன்" என்றது ஒரு ஆண் குரல்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் துணிந்து அவரிடம், பூவின் பெயரைச் சொல்லி, இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்ததில்லை மேடம்."

எங்கள் அதிகாரி பிறகு விளக்கினார். அங்கே சிலர் வெளியாட்களிடம் சொல்வதற்கென்று ஒரு பெயர் வைத்திருப்பார்களாம். அது அந்த ஊரோடு, அந்த வேலையோடு முடிந்துவிடும். இரண்டு வருடம் நான் கூப்பிட்ட பெயர் அவளுடையது அல்ல. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அம்மா அவளை வீட்டுக்குள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல மட்டும் இருந்தது.

சந்தாபுராவுக்குப் பிறகு படிவத்தில் ஒரு புதிய கட்டம் சேர்த்தார்கள். அனுப்பும் தகவல் தங்கள் சொந்தத் தகவலா, வேறொருவரிடமிருந்து பெற்றதா என்று குறிக்க வேண்டும். யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. சொந்தமா இல்லையா என்று மட்டும். இன்று எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டது. எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில் ஒரே தாளைப் பார்க்கின்றன. பொத்தான் இல்லாத தொலைபேசியை எடுத்துப் போய்விட்டார்கள். வேலை முன்னைவிட வேகமாக நடக்கிறது, தவறுகளும் குறைவு. அதை நான் மனதாரச் சொல்கிறேன். பத்து மணிக்கு மட்டும் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் ஓடாது.

என் கைபேசியை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். எண்ணை மாற்றவில்லை. மகள் வேறு நிறுவனத்தின் சிம் மலிவு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருந்தாலும், முதல் சொல் கேட்கும்வரை காதிலிருந்து எடுக்கமாட்டேன்.

போன வருடம் மகளோடு வேலை செய்யும் பெண்ணுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மகள் துணைக்குக் கூப்பிட்டாள். நான் உடனே சரி என்றது அவளுக்கு ஆச்சரியம். கல்யாண வீட்டில் நான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சரியாகப் பார்க்கவே இல்லை. பந்தியில், கைகழுவும் இடத்தில், முற்றத்தில், எங்கு பார்த்தாலும் அவள் பேச்சு. "சாப்ட்டியளா?" "பாயசம் வச்சாச்சா?" அவள் என் காதில் மட்டும் பேசிய மொழியை ஒரு ஊரே உரக்கப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்து, "யக்கா, கொஞ்சம் நவுந்துக்கிடுதியளா?" என்று ஒரு குரல். நான் எழுந்து நின்றுவிட்டேன். திரும்பினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஒரு பெண். மிரண்டு போய், "நீங்க இருங்க, நீங்க இருங்க" என்றாள். இடம் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்துல இருந்து யாரத் தேடறம்மா நீ?"

முதல் தடவையாகச் சொன்னேன். ஊரும் கோப்பும் இல்லாமல், சொல்லக்கூடிய அளவுக்கு மட்டும். எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், என் தப்பு ஒன்றைச் சரி செய்யப் போய் அவளை மாற்றிவிட்டார்கள் என்று. மகள் கைபேசியை எடுத்தாள். "பேரு சொல்லு, தேடிப் பாக்கலாம்." தெரியாது என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, என் கைமேல் கை வைத்தாள்.

"கிடைச்சா என்னா பேசுவ?"

"பெருசா ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஆபீஸ்ல என்னா நடந்துச்சுன்னு சொல்லுவேன்" என்றேன்.

பெங்களூர் திரும்ப நாங்கள் பிடிக்க வேண்டிய மதுரை பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் முண்டியடித்தது. மகள் முன்னால் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்தாள்.